தேசியப் பூங்காவும் தொழிற்பூங்காவும்: நிலத்தின் கூட்டு மேலாண்மை குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

படைப்பைப் பாதுகாத்தல் பற்றிய போதனை நம் திருச்சபைகளில் இன்று அரிதான ஒன்றன்று. ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிக்கப்படுகின்றது. ஆலய வளாகங்களில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. ஆதியாகமத்தின் முதலிரு அதிகாரங்களினின்று அருளுரைகள் ஆற்றப்படுகின்றன. மனிதன் கடவுளுடைய உலகின் உக்கிராணக்காரன் என்பதே இவ்வருளுரைகளுள் பெரும்பாலானவற்றின் மையக் கருத்து. இப்போதனையை முற்றிலும் தள்ளிவிடவேண்டுமென்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும், எழுப்பவேண்டிய ஒரு வினாவை அது எழுப்பாமலே முடிந்துவிடுகின்றது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். உக்கிராணக்காரனாகிய அந்த 'மனிதன்' யார்? நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவனா? அந்நிலத்தின் புற்றையும் புதரையும் நீரோட்டத்தையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருப்பவனா?

இவ்வினாவுக்கு உலகின் சில நாடுகள் அளிக்க முயன்ற விடைகளுள் ஒன்று 'கூட்டு மேலாண்மை' என்பது. ஒரு காட்டையோ தேசியப் பூங்காவையோ அரசும் அம்மண்ணின் முதற்குடியினரும் சேர்ந்து நடத்துதல் என்பது இதன் பொருள். கேட்பதற்கு இனிய சொல். ஆனால் இச்சொல்லின் கீழ் நடப்பவை யாவும் ஒரு தன்மையன அல்ல. அவற்றைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் தேவை. அவ்வளவுகோல் எளியது என்று கருதுகின்றோம்: மண்ணின் மக்கள் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அச்சொல் நிற்குமா?

தமிழில் 'பூங்கா' என்னும் சொல் இன்று இருவகை நிலங்களுக்கு வழங்குகின்றது. விலங்குகளைக் காக்க வேலியிட்ட நிலம் தேசியப் பூங்கா. தொழிற்சாலைகளுக்கென வேலியிட்ட நிலம் தொழிற்பூங்கா. முன்னதற்குக் கிண்டியும், பின்னதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமும் நாம் அறிந்த சான்றுகள். நோக்கத்தில் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தொடங்கும் முறையில் ஒன்றே. இரண்டும் வரைபடத்தின்மீது இழுக்கப்படும் ஒரு கோட்டில் தொடங்குகின்றன. கோட்டுக்குள் முன்பே இருந்தவர்கள் யார் என்பது பின்னரே கேட்கப்படுகின்றது. ஆகவே தேசியப் பூங்காக்களின் அனுபவம் தொழிற்பூங்காக்களின் நடுவே வாழும் நம் திருச்சபைகளுக்கும் பாடமாகும்.

1. உலுரு: கையளிப்பும் குத்தகையும்

ஆஸ்திரேலியாவின் முதற்குடியினர் தம் நிலத்தைக் குறிக்க 'கன்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தனிப்பொருளில் வழங்குகின்றனர். அதனை 'நாடு' என்று மொழிபெயர்த்தால் அரசியற் பொருள் வந்துவிடும். 'நிலம்' என்றால் அளந்து விற்கும் பண்டமாகிவிடும். 'எங்கள் மண்' என்று நம் மக்கள் சொல்லும்போது உள்ள பொருளே அதற்கு ஓரளவு நெருங்கி வருகின்றது. குன்று, நீரூற்று, விலங்கு, முன்னோர், ஒழுக்கநெறி, சடங்கு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மக்கள் அதற்குச் சொந்தக்காரர் என்பதினும், அவர்கள் அதற்குச் சொந்தமானவர்கள் என்பதே அவர்களுடைய புரிந்துகொள்ளுதல்.

ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு என்னும் செந்நிறப் பெருங்குன்று அனங்கு மக்களுக்கு இவ்வாறானது. 1958ஆம் ஆண்டில், முதற்குடியினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தினின்று அது பிரித்தெடுக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின்பின், 1985ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஆளுநர்-தலைவர் அந்நிலத்தின் உரிமைப் பத்திரத்தை அனங்கு மக்களிடம் ஒப்படைத்தார். அதே நாளில் அம்மக்கள் அந்நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசின் பூங்கா நிர்வாகத்துக்குத் திரும்பக் கொடுத்தனர். பூங்காவை நடத்தும் குழுவில் அனங்கு மக்களுக்குப் பெரும்பான்மை அளிக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டை இருவேறு கோணங்களில் மதிப்பிடலாம். கொடுத்ததை அன்றே வாங்கிக்கொள்ளும் கொடை என்ன கொடை என்று வினவுவார் உண்டு. அவ்வினா நியாயமானதே, குத்தகைக்குத் திரும்பக் கொடுப்பது கையளிப்பின் நிபந்தனையாகவே இருந்தது. எனினும் உடைமை முதலில், குத்தகை பின்னர் என்னும் இவ்வரிசை முக்கியமானது. அரசு இங்கே குடியிருப்பவன், மக்களே நிலத்துக்குரியவர்கள்.

இதன் சோதனை குன்றின்மீது ஏறுதல் பற்றிய வழக்கில் நேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் ஏறும் பாதை அனங்கு மக்களின் மரபில் புனிதமானது. மேலும், தம் மண்ணுக்கு வந்த விருந்தினர் அங்கே இறந்தால் அப்பழி தங்கள்மேல் சுமப்பதாக அவர்கள் வருந்தினர். ஏறும்போது இறந்தோர் 35 பேருக்கும் மேல். ஏறவேண்டாம் என்று பல்லாண்டுகள் வேண்டிக்கொண்டே இருந்தனர். 2017இல் நிர்வாகக் குழு ஏறுதலை நிறுத்தத் தீர்மானித்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உரிமைப் பத்திரமும் பெரும்பான்மையும் இருந்தும் ஒரு 'வேண்டாம்' நிலைபெற 34 ஆண்டுகள் ஆயின. கூட்டு மேலாண்மையின் பெருமையையும் வரம்பையும் இவ்வொரு செய்தியே காட்டுகின்றது.

இங்கே திருச்சபையின் பங்கையும் மறைத்தல் தகாது. ஆஸ்திரேலிய முதற்குடியினர் தம் நிலத்தினின்று அகற்றப்பட்டு மிஷன் நிலையங்களில் குடியமர்த்தப்பட்டதிலும், பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டதிலும் திருச்சபைகளுக்குப் பங்கு இருந்தது. நம் ஐக்கியச் சபையைப் போலவே பல சபைகளின் இணைப்பால் 1977இல் தோன்றிய ஆஸ்திரேலிய ஐக்கிய சபை, 2009இல் தன் அமைப்புச் சட்டத்துக்குப் புதியதொரு முகவுரையை ஏற்றுக்கொண்டது. குடியேறியவர்கள் வருமுன்னரே தூய ஆவியானவர் அந்நிலத்தில் இருந்து, அம்மக்களுடைய நெறியிலும் வழக்கத்திலும் சடங்கிலும் கடவுளை வெளிப்படுத்தினார் என்று அது அறிக்கையிடுகின்றது. ஒரு சபை தன் அமைப்புச் சட்டத்திலேயே இதனை எழுதிக்கொண்டது சிறு செயலன்று.

2. நம் நாட்டில்: சோளகரின் எல்லை

நம் நாட்டின் நிலை யாது? தமிழ் வாசகர், ச. பாலமுருகன் எழுதி 2004இல் வெளிவந்த 'சோளகர் தொட்டி' என்னும் நாவலின் வழியாக அறிந்துள்ள சோளகர், சத்தியமங்கலம் காடுகளிலும் அதனையொட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் வாழ்பவர்கள். அம்மலை 1974இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இடம் மாற்றிப் பயிரிடுதலும் வேட்டையும் தடுக்கப்பட்டன. மக்கள் காட்டின் உட்பகுதிகளினின்று அகற்றப்பட்டனர்.

சோளகர் தம் காட்டை 'எல்லெ' எனப்படும் குலப் பகுதிகளாகப் பகுத்து அறிந்தவர்கள். ஒவ்வொரு எல்லையிலும் தெய்வம் உறையும் இடம், மாரம்மனின் இடம், ஊற்று, முன்னோரின் புதைகல் ஆகியவை உண்டு. ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அவர்கள் இவ்விடங்களை வரைபடமாகவும் பதிவு செய்துள்ளனர். அரசின் வரைபடத்தில் வெறுங்காடாக இருந்த பரப்பு, மக்களின் வரைபடத்தில் பெயர்களால் நிறைந்திருந்தது.

அவர்களுடைய அறிவு பக்தியோடு நின்றுவிடவில்லை. கோடையின் தொடக்கத்தில் சருகுகளைச் சிறு தீயிட்டு எரிப்பது அவர்களுடைய வழக்கம். வனத்துறை தீயை முற்றிலும் தடுத்தபின், உண்ணிச்செடி காட்டின் தரையை மூடி வளர்ந்தது என்றும், நெல்லி மரங்களில் ஒட்டுண்ணிகள் பெருகின என்றும் அவர்கள் சொல்கின்றனர். ஆய்வாளர் பலர் இக்கூற்றைப் பொருட்படுத்தி ஆராய்ந்துள்ளனர். ஆஸ்திரேலிய முதற்குடியினரும் இவ்வாறே சிறு தீயினால் பெருந்தீயைத் தடுத்து வந்தவர்கள்; அங்கே காக்காடு போன்ற பூங்காக்களில் அவ்வறிவு இப்போது பூங்கா நிர்வாகத்தின் பகுதியாயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. சமுதாயக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையைக் கிராம சபைக்கு அது அளிக்கின்றது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகரின் கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமைகள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இத்தகைய உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. ஆனால் உரிமை ஏற்கப்படுதல் வேறு, நிர்வாகத்தில் பங்கு பெறுதல் வேறு. காட்டின் அன்றாட ஆட்சி இன்னும் வனத்துறையிடமே உள்ளது. உலுருவின் குழுவைப்போல் மக்கள் பெரும்பான்மையாய் அமர்ந்து தீர்மானிக்கும் அவை இங்கே இல்லை.

ஆயினும் இச்சட்டத்தின்கீழ் ஒரு 'வேண்டாம்' நம் நாட்டிலும் நின்றதுண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டம்பற்றி, டோங்கிரியா கோந்து மக்களுடைய கிராம சபைகளே கருதி முடிவுசெய்ய வேண்டுமென்று 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் கூடிய 12 கிராம சபைகளும் ஒன்றுபோல மறுத்தன. அம்மலை தங்கள் நியமராஜாவின் உறைவிடம் என்பது அவர்களுடைய வாதம். ஒரு மக்களின் வழிபாட்டுணர்வு சட்டத்தின்முன் சான்றாக நின்றது இறையியலாராகிய நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

3. இருளரும் உரிமமும்

இனி நம் அண்மைக்கு வருவோம். காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் சமவெளியில் ஏரிக்கரைகளையும் புறம்போக்கு நிலங்களையும் ஒட்டி வாழும் இருளர், தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகுத்துள்ள ஆறு குடிகளுள் ஒரு குடியினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமியன்று பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் கூடி, கன்னியம்மனை வழிபட்டு, மணலிலேயே தங்கித் திருமணங்களையும் நடத்துகின்றனர். பட்டா நிலம் ஏதுமில்லாதவர்களும் அந்நாளில் தமக்கொரு மண் உண்டென்பதை அறிக்கையிடுகின்றனர் எனலாம்.

எலியும் பாம்பும் பிடித்தல் இவர்களுடைய மரபுத் தொழில். நெல்வயலின் எலி வளைகளைத் தோண்டி எலிகளைப் பிடிப்பர். வளைக்குள் எலிகள் சேர்த்த நெல்லையும் எடுத்துக்கொள்வர். பாம்புத் தோலுக்கு ஏற்றுமதிச் சந்தை இருந்தவரை அதனாலும் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை ஒரே வீச்சில் அகற்றின. சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் சுமை ஏழையின் தோளிலேயே இறங்கிற்று. அந்நிலையில், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வடநெம்மேலியில் அது இன்றும் இயங்குகின்றது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, விஷம் எடுத்தபின் அவற்றை மீண்டும் விட்டுவிடுகின்றனர். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்தே செல்கின்றது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தகைய நாட்டில் இவர்களுடைய தொழில் எத்தகைய உயிர்காக்கும் திருப்பணி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இச்சங்கத்தைக் கூட்டு மேலாண்மை என்று சொல்லலாமா? ஒருவகையில் சொல்லலாம். மக்களின் அறிவும் அரசின் சட்டமும் இங்கே இணைந்துள்ளன. ஆனால் எத்தனை பாம்புகள் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் உரிமமே வரையறுக்கின்றது. உரிமம் தாமதமானால் தொழிலும் நின்றுவிடும். பாம்பு வாழும் வயலும் வரப்பும் ஏரியும் புதர்க்காடும் என்னவாகவேண்டும் என்பதிலோ இருளருக்கு எவ்விதச் சொல்லும் இல்லை. அறிவு ஏற்கப்பட்டது, மண் ஏற்கப்படவில்லை.

2017இல் இச்சமுதாயத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவும் அதைச் சூழ்ந்த சதுப்புநிலமும் பர்மிய மலைப்பாம்புகளால் சீரழிந்துகொண்டிருந்தன. முன்பின் கண்டிராத அந்நிலப்பகுதியில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இப்பெருமையில் மகிழ்கின்றோம். ஆனால் விருது வேறு, உரிமை வேறு. பிற நாட்டின் பூங்காவைக் காக்க அழைக்கப்பட்ட அறிவு, தன் ஊரின் ஏரிக்கரை விற்கப்படும்போது கருத்துக் கேட்கப்படுவதில்லை.

வன உரிமைச் சட்டமும் இவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பதில்லை. அச்சட்டம் காட்டில் வாழ்வோரையும் காட்டைச் சார்ந்து வாழ்வோரையும் கருதி இயற்றப்பட்டது. சமவெளி இருளரின் வாழிடமோ பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கும் பிறர் வயலும். பூங்கா என்று பெயரிடப்படாத நிலத்துக்குக் கூட்டு மேலாண்மை என்னும் கேள்வியே எழுவதில்லை.

4. வடக்குப்பட்டு: தொன்மை உரிமையாகுமா?

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் நடத்திய அகழாய்வு பலருடைய கவனத்தை ஈர்த்தது. கற்கருவிகள், அவை செய்யப்பட்ட இடத்தின் தடயங்கள், மத்தியதரைக் கடல் நாடுகளோடு வாணிபம் இருந்ததைக் காட்டும் மதுச்சாடிகளின் ஓடுகள், பல்லவர் காலப் பொருள்கள் ஆகியவை ஒரே ஊரின் மண்ணில் கிடைத்தன. வியப்பதற்கில்லை, இங்கிருந்து தொலைவிலல்லாத பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்கு வழிதிறந்தார். கார்களும் உதிரிபாகங்களும் உற்பத்தியாகும் இப்பகுதி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் மனிதர் கருவி செய்த இடமாயிருந்தது.

இச்செய்தியினின்று சிலர் விரைந்து ஒரு முடிவுக்கு வருகின்றனர். கற்கருவி செய்தவர்களின் வழித்தோன்றல்களே இருளர், ஆகவே மண் அவர்களுடையது என்பது அம்முடிவு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படினும் இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. இருளரின் தொன்மையைப் பற்றிய நம் மதிப்பு எதுவாயினும், ஒரு கற்கருவிக்கும் இன்று வாழும் ஒரு குடிக்கும் இடையே நேர்க்கோடு இழுக்க அகழாய்வு இடமளிப்பதில்லை. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. தொன்மையே உரிமையின் அடிப்படை என்றால், தொன்மையை மெய்ப்பிக்க இயலாதவன் உரிமையற்றவனாகிவிடுவான். ஏரிக்கரையில் 50 ஆண்டுகளாக வாழும் குடும்பத்தின் உரிமை, 5,000 ஆண்டுக் கதை ஒன்றினால் உறுதிப்படவேண்டிய தேவையில்லை. இருளரை 'இயற்கையின் குழந்தைகள்' என்று போற்றுவதும் இதே குற்றத்துக்குட்பட்டதே. அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றப்படுகிறவன் அவையில் அமர்த்தப்படுவதில்லை.

உரிமையின் அடிப்படை உறவும் பொறுப்பும் ஆகும். இதற்கு இப்பகுதியிலேயே சான்றுண்டு. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் அவர்களுடைய வயலுக்கு உரமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், அக்காவலுரிமையை அரசு ஆணையால் ஏற்றார். சரணாலயச் சட்டங்கள் தோன்றுமுன்னரே அங்கே ஒரு கூட்டு மேலாண்மை நடந்தது எனலாம்.

5. உக்கிராணத்துவப் போதனையின் குறை

இப்போது நம் போதனைக்குத் திரும்புவோம். உக்கிராணம் என்பது பண்டகசாலை. உக்கிராணக்காரன் எசமானின் பண்டங்களைக் காத்துக் கணக்கு ஒப்புவிப்பவன். புதிய ஏற்பாட்டில் இவ்வுருவகம் வரும் இடங்களை ஆராய்ந்தால், அது நிலத்தைப்பற்றி வருவது அரிது என்பது புலப்படும். 1 கொரிந்தியர் 4ஆம் அதிகாரத்தில் அது கடவுளின் இரகசியங்களைப் பற்றியது. 1 பேதுரு 4ஆம் அதிகாரத்தில் அருள்வரங்களைப் பற்றியது. இவ்வுருவகத்தைக் கேள்வியின்றி நிலத்தின்மேல் ஏற்றும்போது மூன்று குறைகள் நேர்கின்றன.

முதலாவது, நிலம் பண்டமாகிவிடுகின்றது. பண்டகசாலையில் உள்ளவை எண்ணப்படும், எடைபோடப்படும், மாற்றப்படும். இரண்டாவது, மனிதன் நிலத்துக்கு வெளியே நிற்கும் மேலாளனாகிவிடுகின்றான். ஆனால் ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஆதாம், 'ஆதாமா' என்னும் மண்ணினின்று உருவாக்கப்படுகின்றான். அங்கே அவனுக்குக் கொடுக்கப்பட்ட பணியைக் குறிக்கும் 'அபாத்' என்னும் எபிரெயச் சொல்லுக்கு ஊழியம் செய்தல் என்பதே அடிப்படைப் பொருள். மூன்றாவது குறையே பெரிது. எசமான் ஒருவன், உக்கிராணக்காரன் ஒருவன் என்று அமையும் இவ்வுருவகத்தில், அதே நிலத்தில் வாழும் பிறருக்கு இடமில்லை. ஆகவே அதிகாரம் உள்ளவன் தன்னையே உக்கிராணக்காரனாக எண்ணிக்கொள்ள அது வழிதிறக்கின்றது. அரசு அவ்வாறு எண்ணுகின்றது, நிறுவனம் எண்ணுகின்றது, நிலம் படைத்த திருச்சபையும் எண்ணுகின்றது. மூவரும் நல்ல உக்கிராணக்காரராக மரம் நடலாம். ஏரிக்கரையில் இருப்பவன் கேட்கப்படாமலே இருப்பான்.

6. யூபிலியும் நாபோத்தும்

திருமறையில் நிலத்தைப்பற்றிய தெளிவான போதனை லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. நிலம் கடவுளுடையது, அதனை என்றென்றைக்குமாக விற்கலாகாது, இஸ்ரவேலரே அவரிடத்தில் அந்நியரும் பரதேசிகளுமாக வாழ்கின்றனர் என்பது அதன் சாரம். யூபிலி ஆண்டுவரையுள்ள விளைச்சல்களின் எண்ணிக்கைக்குத் தக்கவாறு மட்டுமே விலை குறிக்கவேண்டும் என்று 15, 16ஆம் வசனங்கள் விதிக்கின்றன. அதாவது, விற்கப்படுவது நிலமன்று. சில ஆண்டுகளின் பயனே. இன்றைய மொழியில் சொன்னால் அது குத்தகை. உடைமை குடும்பத்திடமே நிற்க, பயன் மட்டும் கைமாறும் இவ்வேற்பாட்டோடு உலுருவின் ஏற்பாட்டை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். இங்கே நிலம் படைத்தவனும் தன்னைப் பரதேசி என்றே அறிக்கையிட வேண்டியவன். உக்கிராணக்காரன் என்னும் பெயரைவிட இப்பெயர் நமக்குத் தாழ்மையைக் கற்பிக்கும்.

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் யேசபேலின் கொடுமையைக் காட்டும் கதையாகவே பிரசங்கிக்கின்றோம். அதன் தொடக்கத்தைக் கூர்ந்து நோக்குதல் நலம். ஆகாப் முதலில் கொடுமை செய்யவில்லை. அரண்மனையை அடுத்துள்ள திராட்சத்தோட்டத்துக்கு ஈடாக அதனினும் நல்ல தோட்டத்தையோ, அதற்குரிய பணத்தையோ தருவதாகச் சொன்னான். இழப்பீட்டு முறையில் குறைகாண இயலாத பேச்சு அது. நாபோத் விலையைப் பேசவில்லை, மறுத்தான். அது தன் முன்னோரின் 'நஹலா' என்றான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இச்சொல்லுக்குச் 'சுதந்தரம்' என்னும் சொல்லை இட்டுள்ளது. பிதிரார்ஜிதத்தையும் விடுதலையையும் தமிழ்க் காது ஒரே சொல்லில் கேட்கும் இவ்வாய்ப்பை நம் பிரசங்கிகள் இன்னும் பயன்படுத்தவில்லை. கதை முழுவதும் ஒரே வினாவின்மீது நிற்கின்றது: நல்ல விலை கொடுப்பவனிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல எளியவனுக்கு இடமுண்டா?

இவ்வினா நம் மாநிலத்தில் ஏட்டளவில் நிற்பதன்று. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலையும், சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கோரிற்று. தமிழ்நாட்டிலோ, தொழில் நோக்கங்களுக்கான நிலம் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகின்றது. அதில் இழப்பீடு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. ஒப்புதல் பெறும் நிபந்தனை இல்லை. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிரளித்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. ஆகாபின் முதல் வாக்கு நிறைவேறுகின்றது. நாபோத்தின் மறுப்புக்கு இடமில்லை. புறம்போக்கில் வாழும் இருளருக்கோ அவ்விழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் வருவது அரிது. அந்நிலம் முன்பே அரசுடையது என்பது ஏட்டின் கூற்று.

தொழில் வேண்டாமென்பது நம் கருத்தன்று. நம் சபை மக்களுள் பலர் அத்தொழிற்சாலைகளில் உழைத்தே பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றனர். யாரைக் கேட்டு எந்த ஏரி, எந்தப் புதர்க்காடு, எந்தக் குடியிருப்பு என்பதே வினா.

7. திருச்சபையின் கடமை

இம்மாவட்டத்தில் நிலத்தின் வினாவை நற்செய்தியின் வினாவாகக் கண்ட முன்னோடிகள் நமக்கு இருந்தனர். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கூடி ஆகியோர் செங்கற்பட்டுப் பகுதியில் ஒடுக்கப்பட்டோரின் நிலமின்மையைப் பற்றி எழுதியும் வாதாடியும் வந்தனர். ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், அதன்பின் 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும் அக்காலத்துச் செய்திகள். அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்கு மாறியதையும் அறிவோம். ஏட்டில் எழுதப்பட்ட உரிமையும் காவலின்றி நிற்பதில்லை என்பது அவ்வரலாற்றின் எச்சரிப்பு.

இன்று செய்யத்தக்கவை பெரிய காரியங்களல்ல. பழங்குடிச் சாதிச் சான்றும் வீட்டுமனைப் பட்டாவும் பெற அலைந்துகொண்டிருக்கும் இருளர் குடும்பங்களுடன் ஆயர் ஒருவர் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்வரை நடப்பது ஒரு திருப்பணி. கிராம சபை கூடும் நாள்களில் அவ்வூரில் வாழும் ஆயரும் சபை மக்களும் வாக்காளர் என்னும் முறையில் சென்று அமர்ந்து, இருளர் பேசும்போது அவர் பேச்சு ஏட்டில் எழுதப்படுகின்றதா என்று பார்ப்பது மற்றொரு திருப்பணி. உணவுப்பொட்டலமும் சேலையும் வழங்குவதோடு இருளர் நடுவே நம் ஊழியம் நின்றுவிடுமானால், நாம் அவர்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டுமே கண்டிருக்கின்றோம். அறிவுடைய சாட்சிகளாகக் காணவில்லை.

திருச்சபையின் சொந்த நிலங்களே நம் போதனையின் முதற் சோதனைக்களம். மிஷன் காலந்தொட்டு நம் கைக்கு வந்த வளாகங்களும் வயல்களும் பல. அவற்றுள் ஒன்றை விற்கவோ குத்தகைக்கு விடவோ நிர்வாகக் குழு கூடும்போது, அந்நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் அழைக்கப்படுகின்றனரா? அவர்கள் மறுத்தால் அம்மறுப்பு குறிப்பேட்டில் ஏறுமா? அரசிடமும் நிறுவனங்களிடமும் நாம் கேட்கத் துணியும் வினாவை நம் குழுக்களிடம் முதலில் கேட்கவேண்டும்.

இறையியல் மாணவருக்கு ஒரு சொல். படைப்பின் இறையியலை நூலகத்தில் கற்கின்றீர்கள், அது வேண்டியதே. ஆனால் ஏசாயா 11ஆம் அதிகாரத்தில் பாம்பின் வளையருகே விளையாடும் பிள்ளையைப்பற்றிப் பிரசங்கிக்குமுன், பாம்பின் வளையை உண்மையில் அறிந்த ஒருவரிடம் ஒரு நாள் சென்று அமருங்கள். அவர் என்ன சொல்கின்றார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உவந்ததை மட்டுமன்று, உங்கள் திட்டத்துக்கு அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிலம் தம்முடையது என்ற கடவுள், அந்நிலத்தில் நம்மைத் தனியே வைக்கவில்லை.